தப்பு ஓட்டியவருடையதா, சுவிட்சுடையதா?

ஒரு பெரிய விபத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் செய்தியில் என்ன வரும்? "ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்." விமானம் என்றால் "பைலட் பிழை". தொழிற்சாலை என்றால் "தொழிலாளியின் அஜாக்கிரதை". அதோடு கதை முடிந்துவிடும். ஒருத்தரை சஸ்பெண்ட் செய்வார்கள். மற்றவர்களுக்கு "இனிமே கவனமா இருங்க" என்று ஒரு சர்க்குலர் போகும்.

ஆனால், அதே தப்பை வேறு வேறு ஆட்கள், வேறு வேறு இடங்களில், ஒரே மாதிரி செய்தால்? அப்பவும் அது அந்த ஆட்களின் தப்பு மட்டும்தானா?

இந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழுத் துறையே பிறந்தது. ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்று பெயர். விமானம், கப்பல், கார், கிரேன், பிரஸ் மெஷின் என்று மனிதர்கள் இயக்கும் எதையும், இயக்குபவரின் கை, கண், மூளை எப்படி வேலை செய்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி வடிவமைப்பதுதான் இவர்கள் வேலை. இன்றைக்கு அந்தத் துறையின் சில முக்கியமான கதைகளைப் பார்க்கப் போகிறோம். முதல் கதைக்கு எண்பது வருஷம் ஆகிறது. கடைசியில் உங்கள் காருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வோம்.

பத்திரமாகத் தரையிறங்கி, அப்புறம் விழுந்த விமானங்கள்

இரண்டாம் உலகப் போர் சமயம். அமெரிக்காவின் பி-17, நான்கு எஞ்சின் வைத்த பெரிய குண்டுவீச்சு விமானம். அதில் ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ரன்வேயில் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று பைலட்டே சக்கரங்களை உள்ளே மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையைத் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும்.

நல்லா பயிற்சி எடுத்த ஒரு பைலட் தரையில் ஓடும் விமானத்தின் சக்கரத்தை ஏன் மடக்கணும்? இதை விசாரிக்க 1943-இல் ஒரு உளவியலாளரிடம் போனார்கள். அவர் பெயர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ். ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஃபீல்ட் என்ற விமானப்படைத் தளத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளைஞர்.

அவர் பைலட்டுகளின் மனநிலையை ஆராய்வதற்கு முன்னால் காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. விமான இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் என்று ஒரு பகுதி இருக்கும். தரையிறங்கும்போது அதைக் கீழே இறக்குவார்கள். இறங்கிய பிறகு மேலே ஏற்றிவிட வேண்டும். பி-17-இல் அந்த ஃபிளாப்புக்கான சுவிட்சும் சக்கரத்துக்கான சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வடிவமும் ஒன்றேதான். மணிக்கணக்காகப் பறந்து, களைத்துப்போய், இறங்கின நிம்மதியில் ஒருத்தர் ஃபிளாப்பை ஏற்றுவதற்குக் கையை நீட்டுகிறார். கை பக்கத்து சுவிட்சுக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

சப்பானிஸ் இன்னொன்றையும் கவனித்தார். பி-25, பி-47 ஆகிய விமானங்களிலும் இதே மாதிரி அமைப்பு, இதே மாதிரி விபத்து. ஆனால் சி-47 என்ற சரக்கு விமானத்தில் இந்த இரண்டும் வேறு வேறு விதமாக இருந்தன. அதை ஓட்டியவர்களிடம் இந்தப் பிரச்சினையே இல்லை. சி-47 ஓட்டியவர்கள் எல்லாம் ரொம்பக் கவனமானவர்கள், பி-17 ஓட்டியவர்கள் எல்லாம் அலட்சியக்காரர்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது இல்லையா?

தீர்வு ரொம்ப எளிமையானது. சக்கரத்துக்கான பிடியின் முனையில் ஒரு குட்டி ரப்பர் சக்கரம். ஃபிளாப் பிடியின் முனையில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு. இனி கண்ணால் பார்க்கவே வேண்டாம், கையே சொல்லிவிடும். இன்றைக்கும் பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் இது இருக்கிறது: சக்கரத்தின் பிடி சக்கர வடிவத்தில் இருக்க வேண்டும், ஃபிளாப்பின் பிடி இறக்கை வடிவத்தில் இருக்க வேண்டும். அடுத்த முறை காக்பிட் போட்டோ பார்த்தால் தேடிப் பாருங்க.

460 அனுபவங்கள்

போர் முடிந்த பிறகு, 1947-இல், பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். பைலட்டுகளிடம் போய், "நீங்களோ உங்களுக்குத் தெரிஞ்சவங்களோ ஒரு கன்ட்ரோலைத் தப்பா இயக்கின சம்பவம் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டார்கள். 460 அனுபவங்கள் சேர்ந்தன. அறிக்கையின் தலைப்பிலேயே "பைலட் பிழை" என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டார்கள். அந்தச் சொல்லிலேயே அவர்களுக்குச் சந்தேகம்.

அந்த 460-இல் ஏறக்குறைய பாதி ஒரே வகை. ஒன்றைத் தொட நினைத்து இன்னொன்றைத் தொட்டுவிடுவது. ஏன் இவ்வளவு? ஒரு உதாரணம் சொல்றேன். எஞ்சினுக்கு மூன்று முக்கியமான லீவர்கள். த்ராட்டில், புரொப்பல்லர், எரிபொருள் கலவை. பி-25-இல் இடமிருந்து வலமாக த்ராட்டில், புரொப்பல்லர், கலவை. சி-47-இல் புரொப்பல்லர், த்ராட்டில், கலவை. சி-82-இல் கலவை, த்ராட்டில், புரொப்பல்லர். மூன்றும் ஒரே நாட்டின் ராணுவ விமானங்கள்! ஒரு விமானத்தில் பழகின கை இன்னொன்றில் ஏறினால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஸ்கூட்டரிலும் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் இடம் மாற்றி வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

மீட்டர்களைத் தப்பாகப் படித்த சம்பவங்களையும் தனியாகச் சேர்த்தார்கள். அவை 270. அதில் பெரிய வில்லன், உயரம் காட்டும் மீட்டர். கடிகாரம் மாதிரி வட்டம், அதில் மூன்று முட்கள். ஒன்று நூறுகளுக்கு, ஒன்று ஆயிரங்களுக்கு, ஒன்று பத்தாயிரங்களுக்கு. மூன்றையும் படித்து மனசுக்குள் கூட்டிக்கொள்ளணும். மேகத்துக்குள், இருட்டில், ரேடியோவில் பேசிக்கொண்டே. அதனால் ஆயிரம் அடி வித்தியாசத்தில் தப்பாகப் படிப்பது சாதாரணமாக நடந்தது. தரை எங்கே இருக்கிறது என்பதில் ஆயிரம் அடி தப்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு அறிக்கைகளிலிருந்தும் ஒரு விஷயம் தெளிவாகிறது. மனிதர்கள் தப்பு செய்வது கண்டபடி நடப்பதில்லை. அதற்கு ஒரு பேட்டர்ன் இருக்கிறது. பேட்டர்ன் இருந்தால், எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சொல்ல முடிந்தால் தடுக்கவும் முடியும்.

சராசரி மனிதர் எங்கே இருக்கிறார்?

"சரி, மனிதருக்கு ஏற்ற மாதிரி செய்யலாம். எந்த மனிதருக்கு?" என்று நீங்க கேட்கலாம். அமெரிக்க விமானப்படை ரொம்ப நாளாக இதற்குச் சொன்ன பதில், "சராசரி பைலட்டுக்கு". காக்பிட்டின் அகலம், சீட்டின் உயரம், பெடல் இருக்கும் தூரம் எல்லாம் சராசரிக் கணக்கில்.

1950 வாக்கில் அதே ரைட் ஃபீல்டில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 4,063 பைலட்டுகளின் உடல் அளவுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று காக்பிட்டுக்கு முக்கியமான பத்து அளவுகள். ஒவ்வொன்றிலும் நடுவில் இருக்கும் சுமார் 30 சதவீதம் பேரை "சராசரி" என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார்.

பூஜ்யம். 4,063 பேரில் ஒருத்தர்கூட இல்லை.

சிலருக்குக் கை நீளம், கால் குட்டை. சிலருக்கு உயரம் சரி, தோள் அகலம். அப்படின்னா சராசரிக்காகச் செய்த காக்பிட் யாருக்கும் முழுசாகப் பொருந்தாத காக்பிட். இதற்கு வழி, இருக்கையையும் பெடலையும் ஆளுக்குத் தகுந்த மாதிரி நகர்த்திக்கொள்ளும்படி செய்வதுதான். யூசருக்காக வடிவமைப்பது என்று சொல்லும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நாம் மனசில் வைத்திருக்கும் அந்த யூசர் நிஜத்தில் இருக்கிறாரா?

33 என்றால் என்ன?

இப்போ 1992-க்கு வருவோம். ஜனவரி 20, பிரான்ஸ். லியோன் நகரத்திலிருந்து ஸ்ட்ராஸ்பூர் நகரத்துக்குப் போகும் ஏர் இன்டர் நிறுவனத்தின் விமானம். ஏர்பஸ் ஏ320, அப்போதைக்கு ரொம்ப நவீனமானது. ராத்திரி, குளிர், மேகம். உள்ளே 96 பேர்.

ஏ320-இல் கீழே இறங்குவதை ஆட்டோபைலட்டிடம் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, கோணம்: "இத்தனை டிகிரி சரிவில் இறங்கு". இன்னொன்று, வேகம்: "நிமிஷத்துக்கு இத்தனை அடி இறங்கு". இரண்டுக்கும் ஒரே திருகு, ஒரே சின்ன டிஸ்ப்ளே. எந்த மோடில் இருக்கிறோம் என்பதை ஒரு பட்டனால் மாற்றிக்கொள்ளலாம்.

அன்றைக்கு வேண்டியது 3.3 டிகிரி சரிவு. அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 800 அடி. கோண மோடில் அது திரையில் "-3.3" என்று தெரியும். வேக மோடில் இருந்தால் "-33" என்று தெரியும். ஆனால் அங்கே அதன் அர்த்தம் நிமிஷத்துக்கு 3,300 அடி. நாலு மடங்கு வேகம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி.

விமானம் நிமிஷத்துக்கு 3,300 அடி வேகத்தில் இறங்கி, மோன் சான்ட்-ஒடில் மலைப்பகுதியில் மோதியது. 87 பேர் இறந்தார்கள். 9 பேர் பிழைத்தார்கள். மோட் குழப்பம்தான் நடந்தது என்று நூறு சதவீதம் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் ரொம்பச் சாத்தியமான விளக்கமாக விசாரணைக் குழுவின் அறிக்கை எடுத்துக்கொண்டவற்றில் அது முக்கியமானது. தரை நெருங்குகிறது என்று குரல் கொடுக்கும் எச்சரிக்கைக் கருவியும் அந்த விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

பிறகு ஏர்பஸ் செய்த மாற்றத்தைப் பாருங்க. வேக மோடில் நான்கு இலக்கமும் முழுசாகக் காட்டும்படி மாற்றினார்கள். "-33" போய் "-3300" வந்தது. இப்போ யாராவது தப்பான மோடில் போட்டாலும், திரையே உறுத்தும். "இது என்ன இவ்வளவு பெரிய நம்பர்?" என்று ஒரு நொடி யோசிக்க வைக்கும். அந்த ஒரு நொடிதான் தேவை.

இந்தத் துறையில் இதற்கு "மோட் குழப்பம்" என்று பெயர். அதே பட்டன், அதே திருகு, மோடைப் பொறுத்து வேறு வேறு அர்த்தம். போனில் கேப்ஸ் லாக் போட்டது தெரியாமல் பாஸ்வேர்டைத் தப்பு தப்பாக அடிப்போமே, அதுவும் இதே குடும்பம்தான். அங்கே நமக்குப் போவது அரை நிமிஷம்.

யார் கையில் ஸ்டியரிங்?

மோட் குழப்பத்தின் இன்னொரு வடிவம், இரண்டு பேர் சேர்ந்து இயக்கும் மெஷினில் வரும். கட்டுப்பாடு இப்போ யார் கையில் இருக்கிறது என்பதே குழப்பமாகிவிடும்.

2017 ஆகஸ்ட் 21, விடியற்காலை. சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருக்கிறது அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல், யூஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன். உலகத்திலேயே கப்பல் நெரிசல் அதிகமான பாதைகளில் ஒன்று அது. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் பழைய லீவர்களுக்குப் பதிலாகப் புதிய டச் ஸ்கிரீன்கள் வந்திருந்தன.

ஸ்டியரிங்கையும் வேகத்தையும் ஒரே மாலுமி சமாளிக்கக் கஷ்டப்படுகிறார் என்று கேப்டன் கவனிக்கிறார். "வேகத்தை மட்டும் பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று உத்தரவு போடுகிறார். நியாயமான உத்தரவுதான். ஆனால் திரையில் வேகக் கட்டுப்பாட்டை மாற்றும்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து பக்கத்து இருக்கைக்குப் போய்விடுகிறது. யாருக்கும் தெரியவில்லை. முதல் மாலுமி திருப்பிப் பார்க்கிறார், கப்பல் திரும்பவில்லை. "ஸ்டியரிங் போச்சு!" என்கிறார். நிஜத்தில் ஸ்டியரிங் எங்கேயும் போகவில்லை. ஒரு கை தூரத்தில், பக்கத்து ஆளிடம் இருக்கிறது.

பதற்றத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். கப்பலுக்கு இரண்டு புரொப்பல்லர். இரண்டையும் திரையில் இணைத்தும் வைக்கலாம், தனித்தனியாகவும் வைக்கலாம். அந்த நேரம் அவை தனித்தனியாக இருந்தன. அதனால் இடது பக்கத்துக்கு மட்டும்தான் வேகம் குறைந்தது. வலது பக்கம் பழைய வேகத்திலேயே ஓட, கப்பல் இடது பக்கமாகத் திரும்பி, ஆல்னிக் எம்சி என்ற டேங்கர் கப்பலுக்கு முன்னால் போய் நின்றது. "ஸ்டியரிங் போச்சு" என்று சொன்னதிலிருந்து மோதல் வரை சுமார் மூன்று நிமிஷம். 10 மாலுமிகள் இறந்தார்கள்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, கடற்படையின் மேற்பார்வையும் பயிற்சியும் போதாமல் இருந்ததை முக்கியக் காரணமாகச் சொன்னது. கூடவே, அந்த டச் ஸ்கிரீன் அமைப்பின் வடிவமைப்பு, தப்பு நடக்கும் வாய்ப்பை அதிகரித்தது என்றும் சொன்னது. அதே வருஷம் கடற்படை, அந்த வகைக் கப்பல்களில் கையால் பிடித்து நகர்த்தும் லீவர்களைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது.

லீவருக்கு என்ன அப்படி ஒரு மகிமை? இரண்டு லீவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால், பிரிட்ஜில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும், இருட்டில் தடவினாலும் தெரியும். யார் கை அதன்மேல் இருக்கிறது என்பதும் தெரியும். திரையில் இதெல்லாம் ஒரு சின்ன ஐகானுக்குள் ஒளிந்துகொள்கிறது.

உங்கள் காருக்குள்

சரி, போர்க்கப்பல் நமக்கு எதற்கு என்கிறீர்களா? இதே கதை காருக்கும் வந்துவிட்டது.

ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் சில மாடல்களில் புது விதமான ஒரு ஆட்டோமேட்டிக் கியர் லீவரைப் போட்டது. எந்த கியருக்குத் தள்ளினாலும், கையை விட்டதும் லீவர் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். பழைய லீவர் 'பார்க்'கில் இருந்தால் அதன் இடத்தைப் பார்த்தே தெரியும். இதில் லீவர் எப்பவும் ஒரே இடத்தில்தான். விளக்கைப் பார்த்தால்தான் எந்த கியர் என்று தெரியும். சிலர் 'பார்க்' போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்கள். வண்டி உருண்டது. 2016-இல் உலகம் முழுக்கச் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. அதே ஜூன் மாதம், 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் நடித்த இளம் நடிகர் ஆன்டன் யெல்சின், லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு வாசலில், உருண்டு வந்த தன் சொந்த வண்டியில் நசுங்கி இறந்துபோனார். திரும்ப அழைக்கப்பட்ட மாடல்தான் அது. அந்த வண்டிகளுக்குப் பிறகு கொடுத்த தீர்வு என்ன தெரியுமா? பார்க் போடாமல் கதவைத் திறந்து இறங்கினால் வண்டியே பார்க்குக்குப் போய்விடும்படி ஒரு சாஃப்ட்வேர். மனிதர் மறப்பார் என்று ஏற்றுக்கொண்டு செய்த டிசைன்.

இன்னொரு பக்கம் டச் ஸ்கிரீன். 2022-இல் வி பிலேகாரே என்ற ஸ்வீடன் நாட்டுக் கார் பத்திரிகை ஒரு சோதனை செய்தது. பதினொரு புதிய கார்கள், கூடவே 2005-இல் வந்த, பட்டன்கள் நிறைந்த ஒரு பழைய வால்வோ. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சீட் ஹீட்டர் போடுவது, ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவது மாதிரி சில சாதாரண வேலைகள். ஓட்டியவர்களுக்கு முதலிலேயே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பழைய வால்வோவில் எல்லாம் முடிக்க 10 நொடி, 306 மீட்டர் தூரம். ரொம்ப மோசமாக வந்த புதிய காரில் கிட்டத்தட்ட 45 நொடி, 1,372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல், கவனம் பாதி ரோட்டில் பாதி மெனுவில்.

பட்டனைக் கை தேடிக் கண்டுபிடிக்கும். திரையைக் கண்தான் தேட வேண்டும். வழவழவென்ற கண்ணாடியில் விரலுக்கு ஒரு தகவலும் கிடைக்காது. அமெரிக்க அரசு 2013-இல் கொடுத்த வழிகாட்டுதல், வண்டியில் இருக்கும் எந்தக் கருவிக்காகவும் ஒரு தடவையில் இரண்டு நொடிக்கு மேல் ரோட்டிலிருந்து கண் விலகக்கூடாது என்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்றால் 33 மீட்டர். ஒரு ஆட்டோ திடீரென்று திரும்ப அது தாராளமாகப் போதும்.

இப்போ காற்று கொஞ்சம் திரும்பி வீசுகிறது. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் தன் மதிப்பெண் விதிகளை மாற்றியிருக்கிறது. இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, வைப்பர், ஹார்ன், அவசர உதவி அழைப்பு, இந்த ஐந்துக்கும் தொட்டு உணரக்கூடிய தனிக் கட்டுப்பாடு இல்லையென்றால் மதிப்பெண் குறையும். இது சட்டம் இல்லை. ஆனால் ஐந்து நட்சத்திரம் விளம்பரத்தில் போடணும் என்று நினைக்கிற நிறுவனங்கள் இதைச் சும்மா விட முடியாது.

ஏமாற்றவே முடியாத பட்டன்

இதுவரை தெரியாமல் செய்யும் தப்புகளைப் பார்த்தோம். தெரிந்தே செய்வதற்கு என்ன டிசைன்?

தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் மெஷினை எடுத்துக்கோங்க. கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கினால் விரல் போய்விடும். அதனால் இரண்டு பட்டன் வைத்தார்கள், தள்ளித் தள்ளி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே போக மூன்றாவது கை ஏது?

ஆனால் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் இடத்தில், வேகம்தான் சம்பளம். ஒரு பட்டனை அழுத்தினபடியே டேப் போட்டுக் கட்டிவிட்டு ஒரு கையால் வேலை பார்ப்பார்கள். "ரூலை மீறினான், அவன் விதி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். டிசைனர்கள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் வேலை செய்யும், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தணும் என்று மாற்றினார்கள். கட்டி வைத்த பட்டனால் இப்போ எந்தப் பிரயோஜனமும் இல்லை.

நல்ல டிசைனருக்கு இதனால்தான் ஆபீஸில் உட்கார்ந்து வரைவது மட்டும் போதாது. ஷாப் ஃப்ளோரில் நின்று பார்க்கணும். எங்கே டேப் ஒட்டியிருக்கிறார்கள், எந்த மீட்டருக்குப் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறார்கள், எந்த அலாரத்தின் ஸ்பீக்கரில் துணி அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்கணும். ஆபரேட்டர்கள் எழுதிக்கொடுக்காத புகார்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அப்போ ஓட்டுநருக்குப் பொறுப்பே இல்லையா?

நியாயமான கேள்வி. இதற்குக் கஷ்டமான ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 18, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரம். ஊபர் நிறுவனத்தின் தானியங்கிக் கார் சோதனை ஓட்டத்தில் இருந்தது. இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் மோதியது. அவர் இறந்துபோனார். காரில் கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அந்த நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது.

அவர் மேல் தப்பு இல்லையா? இருக்கிறது. விசாரணை வாரியமும் அதைத்தான் முதலில் சொன்னது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. காரின் கருவி அந்தப் பெண்ணை மோதுவதற்கு 5.6 நொடி முன்னாலேயே பார்த்துவிட்டது. அது வண்டியா, சைக்கிளா, வேறு ஏதோவா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்தது. ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்தில் ஒருத்தர் நடந்து கடப்பார் என்பதே அந்த சாஃப்ட்வேரின் கணக்கில் இல்லை. காரோடு வந்த அவசர பிரேக் வசதி, சோதனை ஓட்டத்தின்போது அணைக்கப்பட்டிருந்தது. முன்பு இரண்டு பேர் போன வண்டியில், சில மாதங்களுக்கு முன்புதான் ஒருத்தர் போதும் என்று குறைத்திருந்தார்கள்.

ஒன்றுமே நடக்காத திரையை மணிக்கணக்காகக் கவனிக்கச் சொன்னால் மனிதரால் முடியாது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் ஏன் சிக்னலைத் தவறவிடுகிறார்கள் என்று நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சோதித்து 1948-இலேயே எழுதினார். அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்குகிறது. 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்: எளிதான வேலையை எல்லாம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, மெஷினால் முடியாத ரொம்பக் கஷ்டமான நொடியை மட்டும் மனிதருக்கு மிச்சம் வைக்கிறோம். அதுவரை சும்மா உட்காரவைத்து, கைப்பழக்கத்தையும் மறக்கடித்துவிட்டு.

டெம்பி வழக்கில் அந்த ஓட்டுநர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று வருஷம் கண்காணிப்பில் இருக்கும்படி தண்டனை. நிறுவனத்தின் மேல் கிரிமினல் வழக்கு எதுவும் வரவில்லை. ஒருத்தர் தண்டனை வாங்கியதால் அடுத்த ஓட்டுநருக்குத் தூக்கம் வராமல் போய்விடுமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல், புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களில் ஓட்டுநரின் கவனம் சிதறினால் எச்சரிக்கும் வசதி கட்டாயம். பொறுப்பு ஓட்டுநருடையதுதான். அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அவருக்கு உதவுவது வண்டியைச் செய்தவர்களின் பொறுப்பு.

ஷோரூமில் ஒரு நிமிஷம்

அடுத்த தடவை நீங்களோ வீட்டிலோ வண்டி வாங்கப் போகும்போது, மைலேஜ் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்க. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சீட்டை உங்களுக்கு ஏற்ற மாதிரி சரிசெய்துகொள்ளுங்க. பார்வையை நேராக முன்கண்ணாடியில் வையுங்க. கீழே பார்க்காமல் வைப்பரைப் போடுங்க. ஹசார்ட் விளக்கு, ஹார்ன், முன்கண்ணாடியின் பனியை நீக்கும் பட்டன், ஏசி வேகம். எத்தனை கையில் சிக்குகிறது? 'பார்க்'கில் இருக்கிறதா இல்லையா என்று லீவரைத் தொட்டே சொல்ல முடிகிறதா? அம்மாவோ தாத்தாவோ அந்த வண்டியை ஓட்டுவார்கள் என்றால் அவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்க. சேல்ஸ்மேன் கொஞ்சம் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை.

நீங்க ஆப், டிஸ்ப்ளே, மெஷின் என்று எதையாவது வடிவமைக்கும் வேலையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். "யூசர் தப்பா யூஸ் பண்ணிட்டாங்க" என்று ஒரு டிக்கெட் வந்தால் உடனே க்ளோஸ் பண்ணாதீங்க. இதே தப்பு இதற்கு முன்னால் எத்தனை பேரிடமிருந்து வந்திருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்க. இரண்டாவது ஆள் கிடைத்தாலே, போய்ப் பார்க்க வேண்டிய இடம் உங்கள் ஸ்கிரீன்தான்.

இன்றைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள், அடுத்த எபிசோடை மாற்றுவதற்கு முன்னால் ஓரமாக நிறுத்திக்கோங்க.